பிள்ளை வாய் திறந்த பிறகு நாம் விடும் பிழைகள்

தெரியாதவர் டொபி தந்தால் வாங்காதே என்று சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளையின் நாள் யாரோடு கழிகிறது? ஸ்கூல் வான் அங்கிள், டியூஷன் சேர், மேல்மாடி அண்ணா, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமா. பாலியல் தொல்லை பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்துதான் வருகிறது. அதனால் "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடுவதை முதலில் நிறுத்துவோம். பெரியவரிடமும் மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அங்கேதான் பழக்கமாகும்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. உடனே விசாரணை தொடங்கிவிடும்: அம்மா, அப்பா, பெரியம்மா, வகுப்பாசிரியர், அப்புறம் அதிபர். என் கணக்கில் இதுதான் பெரிய பிழை. ஐந்து பேரிடம் ஐந்து தரம் சொல்லும்போது வார்த்தை மாறும், பயத்தில் பாதியை விழுங்கும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடிப்பது அந்த முரணைத்தான். பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. நாம் "இங்கேயா தொட்டான்?" என்று பதிலை எடுத்துக் கொடுக்க வேண்டாம். "என்ன நடந்தது?" என்று ஒரு தரம் கேட்டு, பிள்ளையின் சொல்லிலேயே திகதியோடு எழுதி வைத்தால் போதும்.

பதற்றத்தில் குளிப்பாட்டி, உடுப்பையும் தோய்த்துவிடுவார்கள். தடயங்களைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை இரண்டும் வேண்டாம். நாட்கள் கடந்திருந்தாலும் வைத்தியசாலைக்குப் போவதை விட்டுவிடக் கூடாது.

பாடசாலைகளின் பிழை வேறு வகை. பெயர் கெடும் என்று அறைக்குள்ளேயே பேசி முடிப்பது, ஆசிரியரை இடம் மாற்றிவிடுவது. அடுத்த பாடசாலைப் பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை. சமாதானம் பேசப் பிள்ளையையும் அந்த ஆசிரியரையும் எதிரெதிரே உட்கார வைப்பது அதைவிடக் கொடுமை.

ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகமே போதும், ஆதாரம் தேடுவது அதிகாரிகளின் வேலை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே சொல்லலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள்.

அப்புறம், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு. "நம்ம மூன்றாம் மாடிப் பிள்ளை, பாவம்" என்று பெயர் போடாமல் எழுதினாலும் முழுக் கட்டடத்துக்கும் யாரென்று தெரிந்துவிடும்.