“மைனர்தானே சார், விட்டுடுங்க”: குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பிள்ளைக்காக வீட்டார் செய்யும் தவறுகள்

இரவு பதினொரு மணி. மேம்பாலத்துக்குக் கீழே தடுப்பு. ஸ்கூட்டரில் வந்த பையனை ஓரங்கட்டி, கருவியில் புதுக் குழாயைச் செருகி, “ஊதுப்பா” என்கிறார் எஸ்.ஐ. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவில் வழக்கு. “ஒரு பீர்தான் சார்” என்கிறான் பையன். 60 கிலோ எடை உள்ளவன் 650 மில்லி ஸ்டிராங் பீர் ஒன்றைக் குடித்துவிட்டு உடனே கிளம்பினாலே அந்த வரம்பு தாராளமாகத் தாண்டிவிடும். ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பதும் உதவாது. வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், மறுத்ததையே கோர்ட் அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அப்பாவுக்குப் போன் போகும். அவர் ஓடிவந்து சொல்லும் முதல் வார்த்தை, “பையனுக்கு 17தான் சார்.” காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்கிறார். ஆனால் 2019இல் வந்த 199ஏ பிரிவின்படி, மைனர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரே குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “சாவியைச் சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டான்” என்றால், அதை அப்பாதான் நிரூபிக்க வேண்டும். அவர் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 16 வயதில் ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அது 50 சிசி வரைதான். இன்று வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி.

18, 19 வயதுக் காலேஜ் பிள்ளைகள் கதை வேறு. தமிழ்நாட்டில் 21 வயதுக்குள் மது விற்பதே தவறு என்றாலும், சட்டத்தின் முன் இவர்கள் பெரியவர்கள். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை, 15,000 ரூபாய். ஸ்பாட் ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இது கோர்ட்டுக்குப் போகும் வழக்கு. தீர்ப்பானால் லைசென்ஸ் குறைந்தது ஆறு மாதம் போகும். நிலுவையில் கிரிமினல் வழக்கு உண்டா என்று பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த நண்பனும் தப்ப முடியாது. உடந்தை என்று 188ஆவது பிரிவில் அவன் மீதும் வழக்குப் போட முடியும்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, மூடி மறைக்கப் பார்ப்பது. 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி அன்றே ஜாமீன் கொடுத்ததுதான் பலருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ரத்த மாதிரியை மாற்றியதாக அப்பா, அம்மா, அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைது. பழியை ஏற்கச் சொல்லி டிரைவரை மிரட்டியதாகத் தாத்தா கைது. பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸ் மனுவைச் சிறார் நீதி வாரியம் 2025இல் நிராகரித்துவிட்டது. பிள்ளைக்கு அவன் வயது கைகொடுத்தது. குடும்பத்துப் பெரியவர்கள்தான் கம்பி எண்ணினார்கள்.

சரி, உங்கள் பிள்ளையே மாட்டிக்கொண்டால்? வேறொருவரை ஓட்டியதாகச் சொல்ல வைக்காதீர்கள். பணத்தை நீட்டாதீர்கள், அது தனிக் குற்றம். வயதுச் சான்றை எடுத்துக்கொண்டு வக்கீலோடு போங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிய வண்டி என்றால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, முழுத் தொகையையும் வண்டிக்காரரிடமே வசூலிக்கலாம் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவது வழக்கம். அடிபட்டு இறந்தவர் சம்பாதிக்கும் வயதுக்காரர் என்றால் அது பல லட்சம்.