முன்குறித்தலும் சுயாதீன சித்தமும்: இரண்டையும் சேர்த்துப் படிக்கும் முறை

தேவன் எல்லாவற்றையும் முன்குறித்துவிட்டார், அதாவது முன்பே தீர்மானித்துவிட்டார் என்றால் நான் எடுக்கும் முடிவுக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வி வேதபாட வகுப்பில் எழுந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். தேவன் முன்குறித்தார் என்று சொல்லும் எபேசியர் 1-ஐ ஒருவர் பிடித்துக்கொள்வார். ஜீவனைத் தெரிந்துகொள் என்று சொல்லும் உபாகமம் 30:19-ஐ இன்னொருவர் எடுப்பார். அரைமணி நேரம் வசனத்துக்கு வசனம் பதில் பறக்கும். கடைசியில் நடத்துகிறவர் “இது தேவ இரகசியம்” என்று சொல்லி ஜெபத்தோடு முடித்துவிடுவார். இரகசியம் இருப்பது உண்மைதான். ஆனால் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடிப் பார்க்காமலே அந்த வார்த்தையைச் சொல்வது தப்பித்துக்கொள்கிற வழி.

நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதாகமம், ஒரு நோட்டு, மூன்று நிறப் பென்சில் போதும்.

முதல் அமர்வில் கேள்வியைப் பிரியுங்கள். ஒன்று போலத் தெரிகிற இது உண்மையில் மூன்று கேள்விகள். நடக்கப்போவதைத் தேவன் அறிந்திருந்தால் அது கட்டாயமாகிவிடுமா? தேவன் தீர்மானித்ததை மனிதன் மனதாரச் செய்ய முடியுமா? பாவத்தில் விழுந்த மனித சித்தம் கிருபையில்லாமல் தானாகவே தேவனிடம் திரும்புமா? விவாதங்களில் பாதி, ஒருவர் முதல் கேள்வியையும் மற்றவர் மூன்றாவதையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருகிறவை.

மூன்றில் முதலாவதுதான் எளிது. பேதுரு மூன்று தரம் மறுதலிப்பான் என்று இயேசு முன்னரே சொன்னார். அப்படிச் சொன்னது பேதுருவின் வாயைத் திருப்பவில்லை; அவன் பயந்தான், மறுதலித்தான், பிறகு அழுதான். “முன்னமே சொல்லப்பட்டதுதானே” என்று அவன் சாக்குச் சொல்லவும் இல்லை. தேவன் அறிந்திருக்கிறது நடக்காமல் போகாது என்பது வேறு, அது நடந்தே தீரவேண்டிய கட்டாயத்தில் நடந்தது என்பது வேறு. தேவனுக்கு எல்லாக் காலமும் நிகழ்காலமாகவே நிற்கிறது என்று 6-ஆம் நூற்றாண்டில் போயித்தியஸ் என்ற தத்துவஞானி கொடுத்த விளக்கமும் இந்தக் கேள்விக்குத்தான் பொருந்தும். அதை வைத்து முன்குறித்தலையும் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அறிவது ஒன்று, தீர்மானிப்பது இன்னொன்று.

இரண்டாம் அமர்வுதான் முக்கியம். இந்தப் பக்கத்துக்குப் பத்து வசனம், அந்தப் பக்கத்துக்குப் பத்து வசனம் என்று தராசில் போடாதீர்கள். ஒரே நிகழ்ச்சியில் தேவனுடைய தீர்மானமும் மனிதனுடைய செயலும் சேர்ந்து வருகிற பகுதிகளை மட்டும் எடுங்கள். நோட்டில் இரண்டு பத்தி: தேவன் செய்ததாக எழுதியிருப்பது, மனிதர் செய்ததாக எழுதியிருப்பது.

தொடங்க நல்ல இடம் அப்போஸ்தலர் 27. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். கப்பல் போகும், ஆனால் ஓர் உயிரும் போகாது என்று தேவதூதன் மூலம் கிடைத்த உறுதியைப் பவுல் 22 முதல் 24 வரையுள்ள வசனங்களில் அறிவிக்கிறான். முடிவு நிச்சயமாகிவிட்டது. 30-ஆம் வசனத்தில், கப்பலின் முன்பக்கத்தில் நங்கூரம் போடுவது போலப் பாசாங்கு செய்து, கப்பலாட்கள் சிறுபடகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். அப்போது அதே பவுல், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று சேவகரிடம் எச்சரிக்கிறான். வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை; படகின் கயிறுகளை அறுத்து விழவிட்டார்கள். 44-ஆம் வசனத்தில் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். இந்த நான்கு இடங்களையும் பத்தியில் எழுதிப் பாருங்கள். முடிவைத் தீர்மானித்தவர் அதற்குப் போகும் வழியையும் சேர்த்தே தீர்மானித்தார். கயிறு அறுத்ததும் அந்த வழியில் ஒரு பகுதி.

விதி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். விதியில் நீங்கள் எதைச் செய்தாலும் முடிவு ஒன்றுதான். வேதாகமம் சொல்லும் முன்குறித்தலில் நீங்கள் செய்வதன் வழியாகவே முடிவு வருகிறது. “இரட்சிக்கப்படவேண்டியவன் எப்படியும் இரட்சிக்கப்படுவான், நான் ஏன் சுவிசேஷம் சொல்லவேண்டும்” என்ற பேச்சு விதியைத்தான் பேசுகிறது, பவுலை அல்ல.

இதே முறையில் ஆதியாகமம் 50:20, ஏசாயா 10:5-15, அப்போஸ்தலர் 2:23, பிலிப்பியர் 2:12-13 ஆகியவற்றையும் நிரப்புங்கள். ஏசாயா பகுதியில் வேகத்தைக் குறையுங்கள்: அசீரியன் தேவன் கையிலுள்ள கோல்; ஆனாலும் அவனுடைய பெருமைக்காக அவனே தண்டிக்கப்படுகிறான். நிரப்பும்போது அடிக்கடி நடக்கும் தவறு சதவீதம் போடுவது, தேவன் பாதி, மனிதன் பாதி என்று. பிலிப்பியரில் பிரயாசப்படுங்கள் என்ற கட்டளைக்குக் காரணமே, விருப்பத்தையும் செய்கையையும் தேவன் உண்டாக்குகிறார் என்பதுதான். அங்கே பங்கு பிரிக்க இடமே இல்லை.

பென்சில்கள் பார்வோனுக்காக. யாத்திராகமம் 4 முதல் 14 வரை வாசித்து, கர்த்தர் கடினப்படுத்தினார் என்பதற்கு ஒரு நிறம், பார்வோன் தன்னைக் கடினப்படுத்தினான் என்பதற்கு ஒன்று, இருதயம் கடினப்பட்டது என்று மட்டும் சொல்வதற்கு ஒன்று. 8:15, 8:32, 9:34 பார்வோனுடையவை. வாதைகள் தொடங்கியபின் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நேராக முதலில் வருவது 9:12, அதாவது ஆறாம் வாதையில். இத்தோடு நிறுத்தினால் பார்வோன் முந்திக்கொண்டான் என்று தோன்றும். 4:21, 7:3 ஆகியவற்றில் தேவன் இதை வாதைகளுக்கு முன்பே அறிவித்துவிட்டதையும் குறித்தால்தான் படம் முழுமை. தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும் தீட்டுகிறவர்கள் இரு பக்கத்திலும் உண்டு.

மூன்றாம் அமர்வில் சபை வரலாறு. எல்லைகளை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மனிதன் கிருபையின்றியே நன்மை செய்ய வல்லவன் என்ற பெலாகியு என்ற துறவியின் போதனையை 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய சபைச் சங்கம் தள்ளியது. 529-இல் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் ஆரம்பமே கிருபையால் வருகிறது என்றது. தேவன் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதையும் கண்டித்தது. இவற்றுக்கு நடுவில்தான் பெரும்பாலான விளக்கங்கள் நிற்கின்றன.

ஒவ்வொரு விளக்கத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இரகசியத்தை எங்கே வைக்கிறீர்கள்? சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றும் கால்வினியர் தேவ தீர்மானத்துக்கு நிபந்தனையில்லை என்கிறார்கள். மனிதன் தான் விரும்புவதையே செய்வதால் அவன் பொறுப்பாளி. 1646-இல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 3-ஆம் அதிகாரமும், தேவன் எல்லாவற்றையும் நியமித்தார் என்றும், சிருஷ்டிகளின் சித்தத்துக்கு அதனால் பலவந்தம் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. எல்லாரும் இரட்சிக்கப்பட விரும்புகிறவர் (1 தீமோத்தேயு 2:4) ஏன் எல்லாரையும் தெரிந்துகொள்ளவில்லை என்பது அவர்களுக்கு இரகசியம். ஆர்மினியுஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றும் ஆர்மீனியர், விசுவாசிப்பவர்களைத் தேவன் முன்னறிந்து தெரிந்துகொண்டார் என்கிறார்கள். மனிதன் சொந்த பலத்தால் வருகிறான் என்று அவர்கள் சொல்வதாகக் குற்றம் சாட்டுவது அநியாயம். 1610-இல் அவர்கள் வைத்த ஐந்து கூற்றுகளிலேயே கிருபையில்லாமல் ஒன்றும் முடியாது என்று இருக்கிறது. அதே கிருபை வந்தும் ஒருவன் ஏற்பதும் ஒருவன் மறுப்பதும் ஏன் என்பது அவர்களுடைய இரகசியம்.

மொலினா என்ற இயேசு சபைத் துறவி 1588-இல் இன்னொரு வழி காட்டினார்: எந்தச் சூழலில் யார் எதைச் சுயமாகத் தெரிந்தெடுப்பார் என்பதும் தேவனுக்குத் தெரியும். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1 சாமுவேல் 23:11-13-ஐ வாசியுங்கள். சவுல் வருவான், கேகிலா ஊரார் உன்னைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று கர்த்தர் சொல்ல, தாவீது கிளம்பிவிடுகிறான், இரண்டுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிய அந்த அறிவு எதன்மேல் நிற்கிறது என்பதுதான் இங்கே திணறும் இடம். இதையொட்டி ரோமில் 1598 முதல் 1607 வரை விசாரணை நடந்து, கடைசியில் மொலினாவின் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒருவரையொருவர் பதிதர் (கள்ளப்போதனைக்காரர்) என்று சொல்லாதிருங்கள் என்ற உத்தரவோடு ஐந்தாம் பவுல் போப் அனுப்பிவைத்தார். உங்கள் குழு ஒரு மாலையில் முடிவுக்கு வரவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நான்காம் அமர்வில் ரோமர் 9, 10, 11 அதிகாரங்களை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். மொத்தம் 90 வசனங்கள். 9-இல் நிறுத்துவதுதான் இந்தப் பாடத்தின் மிகப் பெரிய விபத்து. குயவனையும் களிமண்ணையும் பற்றி 9:21-இல் எழுதிய பவுல், 10:1-இல் இஸ்ரவேலின் இரட்சிப்புக்காக ஜெபிக்கிறான். 10:14-இல் பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்கிறான். 10:21-இல் தேவன் கீழ்ப்படியாத ஜனத்திடம் நாள் முழுதும் கைகளை நீட்டி நிற்கிறார். குயவனின் உவமையை எரேமியா 18:1-10-இலும் பார்த்துவிடுங்கள்; அங்கே ஜனங்கள் திரும்பினால் தேவனும் தாம் அறிவித்த தீங்கிலிருந்து மனமாறுவதாக இருக்கிறது.

குழுவில் யாராவது “நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா” என்று பயந்து கேட்டால் பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள். அவருக்கு மேலே சொன்ன எந்த விளக்கமும் வேண்டாம். யோவான் 6:37-ஐத் திறந்து, என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை என்ற பின்பாதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.