பிரின்சிபல் வேணாம்னா உடனே டிராஃப்ட்ட டெலீட் பண்ணாதீங்க: அமெரிக்க ஸ்கூல் பேப்பர்ல எழுதுற பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டுப் பொண்ணு பத்தாவது படிக்கிறா, ஸ்கூல் பேப்பர்ல ரிப்போர்ட்டர். போன வருஷம் அவங்க ஸ்கூல் பாத்ரூம் கதவுங்க பாதிக்கு தாழ்ப்பாளே இல்லாம மாசக்கணக்கா கிடந்தத பத்தி ஒரு ஸ்டோரி எழுதினா, போட்டோ எடுத்தா, நாலு பொண்ணுங்ககிட்ட பேசி குறிப்பு எடுத்தா, எல்லாம் ரெடி. பிரின்சிபல் காரிடார்ல நடந்துக்கிட்டே "இப்ப இது வேணாம்"னு சொன்னாராம், அவ்ளோதான். இவ அன்னிக்கு ராத்திரியே ஸ்கூல் அக்கவுண்ட்ல இருந்த கூகுள் டாக்ஸ் டிராஃப்ட், குறிப்பு எல்லாத்தையும் தூக்கிட்டா, ட்ராஷையும் காலி பண்ணிட்டா. "நல்லவேளை, பெரிய பிரச்சனை ஆகல"ன்னு அவங்கப்பா என்கிட்ட சொன்னப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஒருத்தரும் ஒரு வரி எழுத்துல கேக்கல, என்ன ரூல், யாரு முடிவு, ஒண்ணும் தெரியாது.

இத எழுதுறதுக்கு காரணமே அதுதான். நான் வக்கீல் இல்ல, ஆனா மாணவர் பேப்பர், பேச்சுரிமை பத்தின கேஸ்களை உக்காந்து படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது, பசங்க பல தடவ தோக்குறது சட்டம் இல்லாததால இல்ல, நிறுத்துறதுக்கு ஒரு சுலபமான காரணத்த தாங்களே தூக்கி கையில குடுத்துடுறதால.

முதல் தப்பு, "ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட் இருக்கு, என்ன வேணா எழுதலாம்"னு நினைக்கிறது (ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட்னா பேச்சு, பத்திரிகை உரிமைய காக்குற அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தம்). அதுக்கு நேர் எதிர் தப்பு, "ஸ்கூல்ல நமக்கு ஒரு உரிமையும் கிடையாது"ன்னு நினைக்கிறது. ரெண்டுமே அரைகுறை. 1965 டிசம்பர்ல அயோவா மாநிலம் டெமாய்ன்ல வியட்நாம் போருக்கு எதிரா கைல கறுப்புப் பட்டி கட்டிட்டு போன பசங்கள சஸ்பெண்ட் பண்ணாங்க, 1969ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2னு பசங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. இதுதான் டிங்கர் கேஸ். ஸ்கூல் நடக்குறதுக்கே பெரிய இடைஞ்சல் வரும்னோ அடுத்தவங்க உரிமை பாதிக்கும்னோ நியாயமான காரணம் காட்டினாத்தான் வாய அடைக்கலாம், சும்மா சங்கடமா இருக்குன்னு அடைக்க முடியாது. எல்லாரும் இதோட நிறுத்திக்கிட்டு சந்தோஷமா போயிடுறாங்க. ஆனா ஸ்கூல் காசுல, கிளாஸ் நேரத்துல, ஸ்கூல் பேர்ல வர்ற பேப்பருக்கு 1988ல ஹேசல்வுட்னு இன்னொரு தீர்ப்பு வந்துச்சு, 5க்கு 3. அதுபடி கல்வி சம்பந்தமான நியாயமான காரணம் ஒண்ணு இருந்தாலே பிரின்சிபல் ஸ்டோரிய நிறுத்தலாம். டிங்கர விட இது ரொம்ப தாழ்வான வேலி, ஸ்கூல் ஈஸியா தாண்டிடலாம்.

அந்த ஹேசல்வுட் கேஸ்லயே என்ன நடந்துச்சுன்னு பாருங்க, பாடமே அதுக்குள்ளதான் இருக்கு. மிசூரி மாநிலம், 1983, ஸ்பெக்ட்ரம்னு பேப்பர் பேரு. ஒரு ஸ்டோரி அதே ஸ்கூல்ல படிச்ச, கர்ப்பமான மூணு பொண்ணுங்கள பத்தி, பேர மாத்தித்தான் போட்டிருந்தாங்க. இன்னொண்ணு அப்பா அம்மா டைவர்ஸ் பத்தி, அதுல ஒரு பொண்ணு அப்பாவ குறை சொல்லியிருந்தா. பிரின்சிபல் சொன்ன காரணம் என்ன தெரியுமா, பேர மாத்தினாலும் அந்தப் பொண்ணுங்க யாருன்னு மத்தவங்க கண்டுபிடிச்சுடுவாங்க, அப்புறம் அந்த அப்பாகிட்ட பதில் கேக்கவே இல்ல. ரெண்டு முழுப் பக்கத்தையும் தூக்கிட்டாரு, அந்தப் பக்கத்துல இருந்த சம்பந்தமே இல்லாத மத்த ஸ்டோரிங்களும் சேர்ந்து போச்சு. பேப்பர் பிரிண்ட் ஆகி வந்தப்புறம்தான் பசங்களுக்கே தெரியும். அவர் பண்ணது எனக்குப் பிடிக்கல, ஆனா "எதிர்த்தரப்புகிட்ட கேக்கல"ங்குறது எந்த பெரிய பேப்பர் எடிட்டரும் சொல்ற காரணம்தான். அந்த ஓட்டைய அடைச்சிருந்தா தீர்ப்பு மாறியிருக்குமான்னு எனக்குத் தெரியாது, அவர் கைல இருந்த சாக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கும்.

அதனால ஒருத்தர குறை சொல்லி எழுதுனா அவங்களுக்கு மெயில் போடுங்க, பதில் சொல்ல தேதி குடுங்க, பதில் வரலன்னா "வரல"ன்னு ஸ்டோரியிலயே எழுதுங்க. இது மரியாதைக்கு மட்டும் இல்ல, கவசம்.

அடுத்த தப்பு மாநில சட்டத்த பாக்காம விடுறது, இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்ப கோட்டை விடுறாங்க. ஹேசல்வுட் நாடு முழுக்க அடித்தட்டு மாதிரி, அதுக்கு மேல மாநிலம் கூடுதலா பாதுகாப்பு குடுக்கலாம். கலிபோர்னியால 1977லயே எஜுகேஷன் கோட் 48907 வந்தாச்சு, ஆபாசம், அவதூறு, கலவரத்த தூண்டுறது இந்த மாதிரி சில விஷயம் தவிர மத்தத நிறுத்த முடியாது, நிறுத்தினா ஏன்னு தாமதிக்காம காரணம் காட்டணும். கான்சஸ்ல 1992, இல்லினாய்ஸ்ல 2016, வாஷிங்டன் மாநிலத்துல 2018, நியூ ஜெர்சில 2021, மின்னசோட்டால 2024னு ஒவ்வொண்ணா வந்துட்டே இருக்கு, இந்தச் சட்டங்களுக்கு பொதுவா நியூ வாய்சஸ்னு பேரு. டெக்சாஸ்ல அப்படி ஒண்ணு இல்ல. டல்லாஸ்ல இருக்குற அண்ணன் பையனுக்கும் சான் ஹோசேல இருக்குற தங்கச்சி பொண்ணுக்கும் ஒரே ரூல்னு நினைச்சு அட்வைஸ் பண்ணாதீங்க.

இதெல்லாம் பப்ளிக் ஸ்கூலுக்குத்தான், அதாவது அரசாங்க ஸ்கூலுக்கு. ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட் அரசாங்கத்த கட்டுப்படுத்துது, பிரைவேட் ஸ்கூல இல்ல. பிரைவேட் ஸ்கூல்ல ஹேண்ட்புக்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் அதுதான் கைல இருக்குற ஆயுதம்.

சட்டம் இல்லாத மாநிலத்துலயும் ஒரு வழி இருக்கு, அத தேடாம விடுறதும் தப்புதான். ஸ்கூல் போர்டு பாலிசியிலயோ, இல்ல வருஷக்கணக்கா நடந்துவர்ற பழக்கத்துலயோ என்ன போடணும்னு மாணவர் எடிட்டர்களே முடிவு பண்றாங்கன்னு இருந்தா, ஹேசல்வுட் போய் பழைய டிங்கர் ரூல் வந்துடும். மிச்சிகன்ல யூட்டிக்கா ஹைஸ்கூல்ல நடந்துச்சு, ஸ்கூல் பஸ் டீசல் புகை பத்தி பக்கத்துல குடியிருக்குறவங்க போட்ட கேஸ ஒரு பொண்ணு ஸ்டோரியா எழுதினா, நிறுத்திட்டாங்க, 2004ல ஃபெடரல் கோர்ட் அந்த சென்சார் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அந்த பேப்பர் எப்படி நடந்துச்சு, பிரின்சிபல் முன்னாடியே படிச்சுப் பாக்குற பழக்கம் இருந்துச்சா இல்லையா, இதையெல்லாம் கோர்ட் பாத்துச்சு. அதனால பேப்பரோட எடிட்டோரியல் பாலிசிய எழுதி வைங்க, ஒவ்வொரு வருஷமும் பேப்பர்லயே போடுங்க.

எஃப்இஆர்பிஏ (FERPA)ன்னு ஒரு பூச்சாண்டி இருக்கு. "மாணவர் பேர் போடக்கூடாது, எஃப்இஆர்பிஏ தடுக்குது"ன்னு சொல்வாங்க, பசங்க பயந்துடுவாங்க. அது 1974ல வந்த சட்டம், ஸ்கூல் தன்கிட்ட இருக்குற மாணவர் ரெக்கார்டுகள வெளிய விடக்கூடாதுன்னு ஸ்கூலுக்குப் போட்ட கட்டுப்பாடு. ஒரு பொண்ணு தானா வந்து பேட்டி குடுத்தா அது ரெக்கார்ட் இல்ல. அதுக்காக எல்லார் பேரையும் போட்டுத்தான் ஆகணும்னும் இல்ல, பதினஞ்சு வயசுப் பிள்ளையோட பேரு கூகுள்ல எத்தன வருஷம் நிக்கும்னு யோசிச்சுட்டு போடுங்க.

கூகுள்ல படத்த எடுத்து ஒட்டாதீங்க, காப்பிரைட். கீழ நன்றின்னு போட்டா சரியாப் போகாது.

வீட்டுல இருந்து சொந்த சைட்ல போட்டா யாரும் தொட முடியாதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது. 2021ல மஹனாய் கேஸ்ல, வீக்கெண்ட்ல ஸ்னாப்சாட்ல ஸ்கூல திட்டின பொண்ணு 8க்கு 1னு ஜெயிச்சா, உண்மைதான். ஆனா ஸ்கூலுக்கு வெளிய ஸ்கூல் அதிகாரம் ரொம்ப குறையும்னுதான் கோர்ட் சொல்லுச்சு, மொத்தமா போயிடும்னு சொல்லல, மிரட்டல், கடுமையான புல்லியிங் இதுக்கெல்லாம் இன்னும் நடவடிக்கை வரலாம். வெளிய போடுறதுன்னு முடிவு பண்ணா ஸ்கூல் லேப்டாப், ஸ்கூல் மெயில், பேப்பரோட பேரு எதையும் தொடாதீங்க.

பேப்பர பாத்துக்குற அட்வைசர் டீச்சர முன்னாடி தள்ளி சண்டை போட விடுறது எனக்கு சுத்தமா பிடிக்காத தப்பு. அவங்க சம்பளத்துக்கு இருக்காங்க, வேலை போகலாம், உரிமை உங்களோடது, நீங்கதான் போய் பேசணும். கலிபோர்னியா மாதிரி சில இடத்துல டீச்சருக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கு, எல்லா இடத்துலயும் இல்ல.

பெத்தவங்க பண்ற தப்பு, "விசால இருக்கோம், வாய வச்சுட்டு சும்மா இரு". பப்ளிக் ஸ்கூல்ல பிரின்சிபல் ஸ்டோரிய நிறுத்தலாமாங்குற கேள்விக்கும் சிட்டிசனா இல்லையாங்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா பயமே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், 2025 ஆகஸ்ட்ல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி மாணவர் பேப்பரே இந்த விசா பயத்த வச்சு கோர்ட்டுக்குப் போச்சு. எந்த டாபிக் எழுதுறாங்கன்னு உக்காந்து பேசுங்க, பாத்ரூம் தாழ்ப்பாளுக்கும் வெளிநாட்டு அரசியலுக்கும் ஒரே பூட்டு போடாதீங்க.

நிறுத்தினாங்கன்னா கத்தாதீங்க, அழாதீங்க, அன்னிக்கே ஒரு மெயில்: "இன்னிக்கு இந்த ஸ்டோரி போட வேணாம்னு சொன்னீங்க, எந்த பாலிசிப்படின்னு சொல்ல முடியுமா?" வாய் வார்த்தையா "வேணாம்"னு சொல்றது சுலபம், அத எழுத்துல குடுக்கும்போது சில பேர் மனசு மாறுறாங்க. அப்புறம் ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டர்னு 1974ல இருந்து ஒரு அமைப்பு இருக்கு, மாணவர் பத்திரிகைகளுக்கு இலவசமா சட்ட உதவி பண்றாங்க, ஹாட்லைன் இருக்கு, பிரச்சனை வர்றதுக்கு முன்னாடி கூட கேக்கலாம்.

குறிப்பு, ரெக்கார்டிங், போட்டோ எல்லாத்துக்கும் வீட்டுல ஒரு காப்பி. பக்கத்து வீட்டுப் பொண்ணு இந்த செமஸ்டர் அந்த மெயில அனுப்பினா, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட (அந்தப் பகுதி ஸ்கூல்கள நடத்துற நிர்வாகம்) பதிலையும் சேத்துப் போடுன்னு பிரின்சிபல் ஒரே வரில பதில் போட்டாரு. போட்டோ அவ ஃபோன்ல இருந்துச்சு. பேட்டி குறிப்பு எதுவும் இல்லாததால திரும்ப போய் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டா, நாலு பேர்ல ஒருத்தி அதுக்குள்ள வேற ஸ்கூலுக்கு மாறிப் போயிருந்தா, மூணு பேர வச்சுத்தான் எழுதியிருக்கா.