பின்னட்டைப் பெயர்களே வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் ராக், சைக்கடெலிக் (கனவுமயமான ஒலிகள் கொண்ட ராக்) இசைக்குழுக்களை மீண்டும் கேட்கத் தொடங்குபவர்கள், அடுத்து எதைக் கேட்பது என்பதைச் செயலியின் பரிந்துரைக்கு விட்டுவிடாமல், பிடித்த ஆல்பத்தின் பின்னட்டையில் உள்ள வாசித்தவர், தயாரித்தவர் பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களுடைய தனி ஆல்பங்களைத் தேடலாம். 1960களின் இறுதியில் இக்கலைஞர்கள் குழு வேறுபாடின்றி ஒருவர் பதிவில் மற்றவர் வாசித்ததால், ஒரு பெயர் இன்னொரு நல்ல ஆல்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1968இல் பிங்க் ஃபிளாய்டிலிருந்து விலகிய சிட் பாரெட்டின் முதல் தனி ஆல்பமான 'தி மேட்கேப் லாஃப்ஸ்' (1970) பதிவில் சாஃப்ட் மெஷின் குழுவினர் வாசித்திருக்கிறார்கள். அவர்களுள் டிரம்ஸ் வாசித்த ராபர்ட் வயட்டைப் பின்தொடர்ந்தால் 'ராக் பாட்டம்' (1974) கிடைக்கும். அதன் தயாரிப்பாளரோ பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன். இந்த வழியில் வந்து சேரும் ஆல்பங்களில் 'ராக் பாட்டம்' தனி உயரத்தில் நிற்பது. அதை இடையில் நிறுத்தாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும்.

கூலிக்கு வாசித்த ஸ்டுடியோ கலைஞர்களிடம் இம்முறை பலிக்காது. பியானோ கலைஞர் நிக்கி ஹாப்கின்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், கிங்க்ஸ், தி ஹூ என எல்லாருக்கும் வாசித்திருப்பதால் அவர் பெயர் எங்கெங்கோ இட்டுச்செல்லும். வாசித்தவர் பெயரே அச்சிடப்படாத 1960களின் தொடக்ககாலச் சிங்கிள்களுக்கும் (ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட இசைத்தட்டுகள்), தொகுப்பு ஆல்பங்களுக்கும் இது பொருந்தாது.