சங்கத்தின் சட்டவிதியைத் திருத்தும் முறை: கோலாலம்பூர்ச் செயலவையினருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் பதிவுபெற்று இயங்கும் அமைப்பு பட்டதாரிகள் சங்கமாக இருந்தாலும், விரிவுரையாளர் மன்றமாக இருந்தாலும், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கூடும் வாசகர் வட்டமாக இருந்தாலும், தன் சட்டவிதியைத் திருத்த முற்படும்போது அது இரண்டு ஒழுங்குகளுக்கு உட்படுகிறது. ஒன்று, அதன் சொந்தச் சட்டவிதியும் கூட்ட நடைமுறையும். மற்றொன்று, 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம். இவற்றுள் எதை மீறினாலும் திருத்தம் நிலைக்காது.

முதலில், சங்கங்களின் பதிவதிகாரி கடைசியாக ஒப்புதல் அளித்த நகலைத் தேடி எடுங்கள். உறுப்பினர்களிடையே புழங்கும் நகல் பழையதாக இருக்கக்கூடும். அதில் திருத்தம் பற்றிய விதியைப் படித்து, யார் முன்மொழியலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) எவ்வளவு, எத்தகைய பெரும்பான்மை தேவை என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரைவு. பதிவான சட்டவிதி மலாய்மொழியில் இருந்தால், திருத்தத்தின் வாசகத்தையும் மலாய்மொழியிலேயே எழுதி, தமிழ் விளக்கத்தை உடன் இணைத்து, வாக்கெடுப்பு மலாய் வாசகத்தின் மீதே நடக்கும் என்று தெளிவாக அறிவித்துவிடுவது நல்லது. பழைய விதியும் புதிய விதியும் அருகருகே இருக்கட்டும். ஒரு விதியை மாற்றும்போது அதைச் சுட்டும் பிற விதிகளையும் பார்க்க வேண்டும். துணைத்தலைவர் பதவியை நீக்கிவிட்டு, தலைவர் இல்லாதபோது துணைத்தலைவர் கூட்டத்தை நடத்துவார் என்ற வரியை விட்டுவைத்தால் பிற்காலத்தில் வீண் வழக்குதான் வளரும்.

முன்னறிவிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முழு நடைமுறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர் எழுந்து பேசித் தம் உரிமையைக் காத்துக்கொள்ள முடியும். வேலை காரணமாகவோ முதுமை காரணமாகவோ வர இயலாத உறுப்பினருக்கு அந்த அறிவிப்பைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஆகவே “சட்டவிதித் திருத்தம்” என்று நிகழ்ச்சி நிரலில் ஒற்றை வரி போட்டு அனுப்புவது போதாது. முழு வாசகமும் அனுப்பப்பட வேண்டும். 1876இல் முதன்முதலாக வெளிவந்து இன்றும் பல அமைப்புகளால் பின்பற்றப்படும் கூட்ட நடைமுறைக் கையேடான ராபர்ட் விதிகள் இதே கொள்கையை மேலும் நீட்டுகின்றன. ஆண்டுச் சந்தாவை 20 ரிங்கிட்டிலிருந்து 50 ரிங்கிட்டாக உயர்த்தலாம் என்று அறிவிப்பு போயிருந்தால், கூட்டத்தில் ஒருவர் அதை 35 என்று மாற்ற முன்மொழியலாம். 80 என்று முன்மொழிய முடியாது. 50ஐ ஏற்று வீட்டில் இருந்துவிட்டவர் 80 என்றால் வந்து எதிர்த்திருப்பார் அல்லவா? உங்கள் சட்டவிதி இதைச் சொல்லாவிட்டாலும் இவ்வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள்.

கூட்ட நாளன்று கோரத்தை எண்ணிப் பதிவுசெய்த பிறகே தொடங்க வேண்டும். பல சங்கங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டவிதியின்படி, கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் மீண்டும் கூடும்போதும் கோரம் சேராவிட்டால், வந்திருப்போர் மற்ற அலுவல்களை நடத்தலாம். சட்டவிதியைத் திருத்தும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

முன்மொழிந்து வழிமொழிந்தபின் விவாதம் நடக்கும். திருத்தத்துக்குத் திருத்தம் வந்தால் அதற்கே முதலில் வாக்கெடுப்பு. பல விதிகள் மாறுவதாயின் ஒவ்வொன்றாக வாசித்து விவாதிப்பது நிதானமான வழி. மூன்றில் இரு பங்கு வேண்டுமென்றால் எதில் இரு பங்கு என்பதைத் தலைவர் முன்பே அறிவிக்கட்டும்: 60 பேர் வந்து 48 பேர் வாக்களித்தால், அளிக்கப்பட்ட வாக்குகளில் என்றால் 32 போதும், வந்திருப்போரில் என்றால் 40 வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

ராபர்ட் விதிகளின்படி, வேறு ஏற்பாடு இல்லையெனில், திருத்தம் நிறைவேறிய கணத்திலேயே நடைமுறைக்கு வந்துவிடும். மலேசியாவில் அப்படி அல்ல. சங்கங்கள் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி பதிவதிகாரியின் ஒப்புதல் இன்றியமையாதது. பொதுக்கூட்டம் முடிவெடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதனால் செயலவையின் தவணையை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கும் திருத்தம் காலையில் நிறைவேறினாலும், அன்று மாலை நடக்கும் தேர்தல் பழைய விதிப்படி ஓராண்டுக்கே செல்லும். வேட்பாளர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் சங்கங்களின் பதிவிலாகாவின் இரோசஸ் (eROSES) இணையத்தளம் வழியாகச் செல்கிறது. கூட்டக் குறிப்பில் உள்ள வாசகமும் விண்ணப்பத்தில் உள்ள வாசகமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று செயலாளருடன் இன்னொருவரும் சரிபார்க்கட்டும். ஒப்புதல் வந்ததும், அதன் தேதியை முதல் பக்கத்தில் குறித்த புதிய நகலை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பி, பழைய நகலைச் சங்கத்தின் கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.