ஸ்பை நாவலையும் அத வெச்சு எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

நாவல் படிச்சவங்க படம் பாத்துட்டு வந்தா முதல்ல வர்றது ஒரு லிஸ்ட் தான். அந்த சீன் இல்ல, இந்த கேரக்டர தூக்கிட்டாங்க, கிளைமாக்ஸ மாத்திட்டாங்க. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் பாத்துட்டு இருந்தேன், கடைசில கையில மிஞ்சுனது ஒண்ணுமே இல்ல, ஏன்னா பெரிய நாவல 2 மணி நேரத்துக்குள்ள அடைக்கணும்னா வெட்டித்தான் ஆகணும், அதுல புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு. ஸ்பை கதைல கேக்க வேண்டிய கேள்வி வேற. உளவாளியோட வேலைல முக்கால்வாசி வெளிய தெரியாது. காத்துக் கிடக்குறது, பழைய ஃபைல புரட்டுறது, எதிர்ல உக்காந்திருக்குற ஆள் பொய் சொல்றானான்னு எடை போடுறது, அதே நேரம் தன் முகத்துல எதுவும் தெரியாம பாத்துக்குறது. நாவல் நேரா அந்த மண்டைக்குள்ள போய் உக்காந்துக்கும். கேமராவுக்கு முகத்தோட வாசல் வரைக்கும் தான் போக முடியும். அப்ப மண்டைக்குள்ள ஓடுனதெல்லாம் படத்துல எங்க போச்சு, அத மட்டும் தேடுங்க. மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும்.

கீழ நிறைய கதைகளோட முடிவு பத்தி பேசப் போறேன், ஸ்பாய்லர் வேணாம்னா இங்கயே நிறுத்திக்கோங்க.

முதல்ல சரியான ஜோடிய எடுக்கணும். பேர் ஒண்ணா இருக்குறதால மட்டும் நாவலும் படமும் ஒண்ணு ஆயிடாது. இயன் ஃபிளெமிங் எழுதுன 'மூன்ரேக்கர்' 1955 நாவல், கதை முழுக்க இங்கிலாந்துக்குள்ளயே நடக்கும், லண்டன் மேல விழப் போற ஒரு ராக்கெட் தான் பிரச்சனை. 1979 படத்துல பாண்ட் விண்வெளிக்கே போயிடுவார். 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' இன்னும் தூரம், அந்த நாவல சொல்றதே ஒரு பொண்ணு, பாண்ட் கதைல ரொம்ப லேட்டா தான் வருவார், 1977 படம் எடுத்துக்கிட்டது கிட்டத்தட்ட பேர மட்டும் தான். இந்த மாதிரி ஜோடில ஒப்பிட பிடி கிடைக்காது, ஆரம்பத்துல இத தொடாதீங்க. ராபர்ட் லட்லமோட 'போர்ன் ஐடென்டிட்டி' நடுவாந்தரம். 1980 நாவலோட முதுகெலும்பே கார்லோஸ்ங்கற கொலைகாரன பிடிக்க விரிச்ச வலை தான், 2002 படத்துல கார்லோஸே கிடையாது, ஆனா ஞாபகம் இல்லாத ஒருத்தன் தன் கை தானா செய்யுற வேலைய பாத்து தன்னையே பயப்படுறான் பாருங்க, அந்த ஒண்ண படம் விடாம பிடிச்சு வெச்சிருக்கு.

எத முதல்ல, புக்கா படமா? எல்லாத்துக்கும் ஒரே பதில் இல்ல. துரோகி யாருன்னு தேடுற கதைன்னா புக் முதல்ல, ஏன்னா சந்தேகம் மெதுவா ஊறணும், அதுக்கு பக்கங்கள் வேணும். ஃபிரெடெரிக் ஃபோர்சைத்தோட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' மாதிரி கதைக்கு எந்த வரிசையும் ஓகே தான், பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல கொல்ல ஒரு கூலிக் கொலைகாரன் கிளம்புற கதை அது, டி கோல் சுட்டுக் கொல்லப்படலன்னு முதல் பக்கத்துக்கு முன்னாடியே நமக்கு தெரியும், அப்பறமும் நெஞ்சு அடிச்சுக்குதுன்னா அது முடிவுனால இல்ல, போலி பாஸ்போர்ட் எப்படி எடுக்குறான், துப்பாக்கிய எப்படி பிரிச்சு மறைக்கிறான்ங்கற வேலை நுணுக்கத்துனால. 1971 நாவலும் சரி 1973 படமும் சரி, அந்த நுணுக்கத்த அவசரப்படாம காட்டும்.

படிக்கும்போது ஒரு நோட்டு பக்கத்துல இருக்கட்டும். கதைச்சுருக்கம் எழுதாதீங்க, அது எங்கயும் கிடைக்கும். ஒவ்வொரு முக்கியமான தகவலும் யாருக்கு எப்ப தெரிய வருதுன்னு மட்டும் குறிங்க. ஹீரோவுக்கு முன்னாடி நமக்கு தெரியுதா, இல்ல அவருக்கு தெரிஞ்சும் நம்மகிட்ட சொல்லாம வெச்சிருக்காரா. படம் பாக்கும்போது அதே குறிப்ப பக்கத்துல வெச்சுக்கோங்க, வரிசை எங்க மாறுதோ அங்க தான் டைரக்டர் ஒரு முடிவு எடுத்திருக்கார்.

ஜான் லெ காரேயோட 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' இதுக்கு சரியான பாடம். 1974 நாவல் ஆரம்பிக்கிறது ஒரு பள்ளிக்கூடத்துல, புதுசா வர்ற வாத்தியார் ஜிம் பிரிடோவ ஒரு சின்னப் பையன் ஜன்னல் வழியா பாத்துட்டு இருப்பான். அவருக்கு முதுகுல ஏதோ காயம்னு தெரியும், எப்படி வந்துச்சுன்னு தெரியாது. செக்கோஸ்லோவாகியாவுக்கு உளவு வேலையா போனப்ப அவர சுட்ட கதை துண்டு துண்டா வந்து, அவர் வாயாலயே முழுசா வர்றது நாவலோட கடைசிப் பகுதில தான். 2011 படம் அத தூக்கி ஆரம்பத்துல வெச்சிடுச்சு, ஊரையும் புடாபெஸ்டுக்கு மாத்திடுச்சு. ஊர் மாறுனத பெரிய விஷயமா எடுக்காதீங்க, வரிசை மாறுனத பாருங்க. நாவல்ல நாம அந்த பையன் மாதிரி, காயத்த பாத்து காரணத்த தேடுறோம். படத்துல காரணத்த பாத்துட்டோம், அதனால அதே ஆள் வகுப்புல நிக்கும்போது நமக்கு வர்றது ஆர்வம் இல்ல, இரக்கம். நான் முதல் தடவ நாவல் படிக்காம இந்த படத்த பாத்து பாதில குழம்பிப் போயிட்டேன், யார் யாருன்னே பிடிபடல, புக் முடிச்சிட்டு திரும்ப பாத்தப்ப தான் ஒவ்வொரு பார்வையும் ஒரு வசனம்னு புரிஞ்சுது.

இப்ப முக்கியமான வேலை, ஒரே ஒரு சீன எடுத்து பக்கத்துல பக்கத்துல வைக்கிறது. இதே கதையோட ஹீரோ, துரோகிய தேடுற பிரிட்டிஷ் உளவாளி ஸ்மைலி, பல வருஷத்துக்கு முன்னாடி டெல்லில ஒரு ஜெயில்ல சோவியத் உளவாளி கார்லாவ சந்திச்சத சொல்லுவார். ஸ்மைலி பேசப் பேச கார்லா வாயே திறக்க மாட்டான், கடைசில ஸ்மைலிக்கு அவர் மனைவி ஆன் பரிசா கொடுத்த லைட்டரையும் எடுத்துட்டுப் போயிடுவான். நாவல்ல இது ஸ்மைலி தன்னோட உதவியாளர் கில்லம்கிட்ட சொல்ற கதை, பேச்சுக்கு நடுவுல அவரோட வெக்கமும் தன்மேலயே வர்ற கோவமும் கசிஞ்சு வரும், கார்லாவ வெல்லப் போய் தன்னோட பலவீனத்த தானே அவன்கிட்ட கொடுத்துட்டோம்னு அவருக்கே தெரியுது. 1979ல பிபிசி எடுத்த 7 எபிசோட் சீரியல்ல அத ஃபிளாஷ்பேக்கா காட்டுவாங்க, கார்லாவா பேட்ரிக் ஸ்டீவர்ட், ஒரு வார்த்தை வசனம் கிடையாது, சும்மா பாத்துட்டே இருப்பார். 2011 படத்துல ஃபிளாஷ்பேக்கே இல்ல. ஸ்மைலியா நடிச்ச கேரி ஓல்ட்மேன் ராத்திரில கில்லம் முன்னாடி உக்காந்து, எதிர்ல காலியா கிடக்குற நாற்காலிய பாத்து, அதுல கார்லா உக்காந்திருக்குற மாதிரியே பேச ஆரம்பிச்சிடுவார். கார்லாவோட முகத்த அந்த படம் கடைசி வரைக்கும் காட்டாது.

மூணும் ஒரே சம்பவம் தான், ஆனா ஸ்மைலியோட மனசு மூணு இடத்துல இருக்கு. நாவல்ல வார்த்தைல, சீரியல்ல எதிராளியோட மௌனத்துல, படத்துல அந்த காலி நாற்காலில. எனக்கு நாற்காலி தான் ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இத்தன வருஷமா ஸ்மைலி சண்டை போட்டுட்டு இருக்குறது தன் கற்பனைல இருக்குற ஒரு ஆளோட தான்னு ஒரு வரி கூட விளக்காம அது சொல்லிடுது. உங்களுக்கு வேற தோணலாம், தோணட்டும், ஆனா இந்த மூணு இடத்தையும் கண்டுபிடிச்சதுக்கு அப்பறம் தோணணும்.

இன்னொண்ணு, வெட்டுனத விட சேத்தத பாருங்க. நாவல்ல இல்லாத சீன ஒரு டைரக்டர் காசு செலவு பண்ணி எடுக்குறார்னா அங்க தான் அவருக்கு எதையோ வேற வழில சொல்ல வேண்டி இருந்திருக்கு. இதே படத்துல ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டி திரும்பத் திரும்ப வரும், நாவல்ல அப்படி ஒரு பார்ட்டி இல்ல, கூட்டத்துல லெ காரேயே ஒரு நிமிஷம் வந்து போவார். இத்தன பேரும் ஒரு காலத்துல ஒரு குடும்பம் மாதிரி இருந்தாங்கன்னு நாவல் பல அத்தியாயத்துல நினைவா சொன்னத அந்த ஒரு பார்ட்டி தாங்குது, ஸ்மைலியோட குடும்பம் உடையுற இடமும் அங்கயே தான்.

முடிவுகள ஒப்பிடும்போது கதை எப்படி முடியுதுன்னு பாத்தா பத்தாது, கடைசியா நம்ம கண்ணுல எது நிக்குதுன்னு பாக்கணும். 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு', நாவல் 1963, ரிச்சர்ட் பர்ட்டன் லீமஸ்ங்கற பிரிட்டிஷ் உளவாளியா நடிச்ச கருப்பு வெள்ளை படம் 1965. ரெண்டுலயும் பெர்லின் சுவர் பக்கத்துல லீமஸ் காதலிக்கிற பொண்ணும் சாவா, லீமஸும் சாவார் (பொண்ணு பேர் நாவல்ல லிஸ், படத்துல நான், அது போகட்டும்). ஆனா நாவலோட கடைசி வாக்கியத்துல சாகுற லீமஸ் கண்ணுக்குத் தெரியுறது சுவர் இல்ல, பெரிய லாரிகளுக்கு நடுவுல நசுங்குன ஒரு சின்ன கார், ஜன்னல் வழியா சந்தோஷமா கையாட்டுற பிள்ளைங்க. முன்னாடி ஒரு நாள் வேகமா ஓட்டிட்டுப் போகும்போது அப்படி ஒரு கார்ல மோதப் பாத்து அவர் ஆடிப்போயிருப்பார், நாம அத மறந்தே போயிருப்போம். படத்துல அந்த கார் இல்ல. அதுக்குப் பதிலா சுவர் மேல இருந்து பர்ட்டன் கீழ இறங்கி வர்ற அந்த சில நொடி இருக்கு, தப்பிக்க முடிஞ்சும் திரும்ப இறங்குறார், முகத்துல ஒரு முடிவு மட்டும் தான். நாவல் அந்த மனுஷனோட உள்ளத்த கடைசி நொடில திறந்து காட்டுது, படம் அவர் செஞ்ச செயல மட்டும் காட்டிட்டு ஒதுங்கிடுது.

ஒரே வாக்கியம் ரெண்டுலயும் இருந்தா இன்னும் ஜாக்கிரதையா பாக்கணும். பாண்ட் கதை 'கசினோ ராயல்' நாவல்ல அவர் காதலிக்கிற வெஸ்பர் ஒரு லெட்டர் எழுதி வெச்சிட்டு மாத்திரை சாப்பிட்டு செத்துடுவா, பாண்ட் போன்ல அவள பத்தி ரொம்ப கொடூரமா ஒண்ணு சொல்லுவார், புக் அங்கயே முடிஞ்சுது. 2006 படத்துல அவ வெனிஸ்ல தண்ணில மூழ்கி சாவா, பாண்ட் அதே கொடூரமான வரிய சொல்லுவார், ஆனா உடனே அவரோட மேலதிகாரி எம் பதில் பேசி அவ உன் உயிர காப்பாத்தத்தான் பேரம் பேசுனான்னு புரிய வெச்சிடுவாங்க. நாவல்ல அந்த வரி கதவ சாத்துது, படத்துல அது ஒரு காயமா மாறிடுது. நாவல்ல ஆடுற சீட்டாட்டம் பக்கரா, படத்துல போக்கர்ங்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி சின்ன விஷயம்.

படம் வந்த வருஷத்தையும் மறக்காதீங்க. 1957 பாண்ட் நாவல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'ல எதிரி சோவியத்தோட உளவு அமைப்பு ஸ்மெர்ஷ், 1963 படத்துல பழி ஸ்பெக்டர்ங்கற கற்பனை கூட்டத்து மேல போயிடும். கிரஹாம் கிரீனோட 'தி கொயட் அமெரிக்கன்' அத விட மோசமா மாட்டிக்கிச்சு. வியட்நாம்ல அமெரிக்கா செய்யுறத கேள்வி கேட்ட 1955 நாவல 1958 படம் அப்படியே தலைகீழா திருப்பிடுச்சு, கிரீன் அதுக்கு கோவப்பட்டதுல ஒரு தப்பும் இல்ல, 2002ல திரும்ப எடுத்தப்ப தான் நாவலோட கேள்வி திரும்ப வந்துச்சு. ஒரு கதை யார குத்தவாளி கூண்டுல நிறுத்துது, படம் அந்த ஆள மாத்துதான்னு பாக்காம ஒப்பிடவே கூடாது.

கதைய சொல்றது யார்ங்கறதும் பாருங்க. லென் டெய்ட்டனோட 'தி இப்க்ரெஸ் ஃபைல்' நாவல்ல "நான்"னு பேசுற ஆளுக்கு பேரே கிடையாது. 1965 படத்துக்கு ஒரு பேர் வேணும், ஹாரி பாமர் ஆயிட்டார், மைக்கேல் கெய்னோட கண்ணாடியும் சமையலும் அந்த "நான்"ஓட குரலுக்கு பதிலா வேலை செய்யுது.

இத எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. லீமஸ் கதைல ஆரம்பிங்க, நாவல் சின்னது, படம் 112 நிமிஷம். நாவலோட கடைசி அத்தியாயத்த படிச்சு முடிச்ச உடனே, அந்த சூடு ஆறுறதுக்குள்ள, படத்தோட கடைசி 10 நிமிஷத்த மட்டும் போட்டு பாருங்க, அப்பறம் பர்ட்டன் சுவர் மேல நிக்குற இடத்துல பாஸ் பண்ணி அவர் என்ன நினைக்கிறார்னு நோட்டுல 3 வரி எழுதுங்க.