ஆட்குறைப்புக் காலத்தில் எதிர்பாராமல் வரும் ரெஃபரலை எடைபோடுவது எப்படி?

2025 ஜூலையில் பெரிய ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்த பிறகு, பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்று பெங்களூரில் யாரும் சொல்லக் கேட்பதில்லை. இப்படிப்பட்ட நேரத்தில், மூன்று ஆண்டுகளாகப் பேசாத பழைய ஜூனியர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, "அண்ணா, எங்க டீம்ல ஒரு ஓப்பனிங் இருக்கு, உங்க பேரைக் கொடுக்கட்டுமா? நாளைக்குள்ள ரெஸ்யூமே அனுப்புங்க" என்றால், பயந்துபோயிருப்பவருக்கு அந்த ரெஃபரல், அதாவது உள்ளே இருப்பவரின் பரிந்துரை, வரம்போலத் தோன்றும். நிம்மதியான காலத்தில் பத்துக் கேள்வி கேட்டிருக்கக்கூடியவர் இப்போது ஒன்றுமே கேட்காமல் சரியென்று சொல்லிவிடுகிறார். அந்தப் பத்துக் கேள்விகளையும் இப்போதுதான் கேட்க வேண்டும்.

முதலில், அழைத்தவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவரா, அந்த டீமிலேயே இருப்பவரா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் ஆளைப் பரிந்துரைத்தவருக்கு ரெஃபரல் போனஸ் உண்டு. அதற்காக ஒருவர் அழைத்திருந்தால் அது குற்றமில்லை, ஆனால் அவர் சொல்லும் புகழுரையில் சற்றுக் கழித்துக்கொள்ள வேண்டும். மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று டீமுக்குள் இருப்பவரால் சொல்ல முடியும். வேறு டீமில் இருப்பவரால் வேலை விளம்பரத்தைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். இன்னொன்று: ஒருவர் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டால், பல நிறுவனங்களில் சில மாதங்களுக்கு வேறொருவர் அதே பெயரைப் பதிய இயலாது. ஆகவே ஒரே நிறுவனத்தில் இரண்டு நண்பர்களுக்கும் தலையாட்டிவிடாதீர்கள்.

அடுத்து, அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அறிய வேண்டும். புதிய வாடிக்கையாளர் வந்ததால் உருவான பணியா, விலகிப்போனவரின் நாற்காலியா, அல்லது சென்ற மாதம் ஐந்து பேரை அனுப்பிவிட்டு அவர்களின் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதற்கா என்பதை நேர்காணலில் தயங்காமல் கேட்கலாம். பங்குச் சந்தையில் உள்ள பெரிய ஐடி நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளோடு ஊழியர் எண்ணிக்கையையும் விலகுவோர் விகிதத்தையும் வெளியிடுகின்றன. நான்கு காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பட்டியலிடப்படாத நிறுவனமானால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அது எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் என்று பார்க்கலாம். தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: அங்கே 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்புச் செய்வதானால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்; பல மாநிலங்கள் அந்த அறிவிப்புகளைப் பொதுவில் வெளியிடுகின்றன. அங்கே வெட்டு விழுந்தால் பெங்களூர் பெல்லந்தூரில் உள்ள அலுவலகத்துக்கும் அதன் சூடு வந்து சேரக்கூடும்.

இனி, பலரும் தாண்டிப் போய்விடும் கணக்குக்கு வருவோம். புதிய சம்பளத்தையும் பழைய சம்பளத்தையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பது போதாது. இரண்டு வேலைகளும் ஆறு மாதத்தில் போய்விடும் என்றே வைத்துக்கொண்டு, எங்கிருந்து எவ்வளவு பணத்தோடு வெளியே வருவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும் என்கிறது சட்டம். மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு ஒப்பந்தமே துணை. புதிய இடத்தில் புரொபேஷனில் இருப்பவருக்கு இந்த இழப்பீட்டுக்கான ஓராண்டுகூட முடிந்திருக்காது. நீங்களாக ராஜினாமா செய்துவிட்டாலோ, பழைய நிறுவனம் பின்னர் அறிவிக்கும் விலகல் தொகையும் உங்களுக்கு வராது.

பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்து விலகுபவருக்கு நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி இதைவிட நுட்பமானது. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் உள்ள ஒருவருக்கு ஐந்தாண்டுக் கிராஜுவிட்டி, 15/26 என்ற சூத்திரப்படி (மாதத்தை 26 நாளாகக் கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்) ஏறத்தாழ 1,73,000 ரூபாய். நான்கு ஆண்டு 240 நாள் பணிசெய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை அப்படியே ஏற்பதில்லை, எனவே எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏற்பவர்களானால், நான்கரை ஆண்டு முடித்தவர் 90 நாள் நோட்டீஸ் பீரியடையும் முழுதாகப் பணியாற்றினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். "நோட்டீஸை நாங்களே பை-அவுட் செய்கிறோம், அடுத்த வாரமே வந்துவிடுங்கள்" என்று, நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகப் பழைய நிறுவனத்துக்குப் பணம் கட்ட முன்வரும் அழைப்பில் மயங்கினால் அதை இழப்பார். பை-அவுட் பணத்தைப் பெருந்தன்மை என்று எண்ணுவோர் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எண்ணட்டும்.

கையில் ஆஃபர் லெட்டர் வந்து, பின்னணிச் சரிபார்ப்பும் முடியும்வரை ராஜினாமாக் கடிதத்தைத் தொடாதீர்கள். அதன் பிறகும் மூன்று மாத நோட்டீஸ் காலம் நீண்டது; இடையில் ஆஃபர் திரும்பப் பெறப்படும் ஆபத்து இப்போது நிஜமானது. ஆகவே ஆறு மாதச் செலவுக்கான பணமில்லாமல் குதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜாயினிங் போனஸ் தந்தால், ஓராண்டுக்குள் நீங்களாக விலகினாலும் அவர்களே அனுப்பினாலும் திருப்பித் தர வேண்டுமா என்று வாசகத்தைப் படியுங்கள். இரண்டாவது நிலையை நீக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சேலத்தில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தால், புதிய இடத்தில் பெற்றோர் எந்த நாளிலிருந்து சேர்க்கப்படுவர் என்பதைச் சம்பளத்துக்கு முன்பே பேச வேண்டும். பயணத்தையும் பாருங்கள்: 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போவது எளிதாகிவிட்டது, ஆனால் பொம்மசந்திராவில் குடியிருப்பவர் ஒயிட்ஃபீல்டு போக ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறித்தான் ஆக வேண்டும். முன்னாள் நண்பரின் பெயரில் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்து, பதிவுக்கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்டால் அது மோசடி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கடைசியாக, அழைத்தவருக்குப் பதில். இரண்டு நாள் அவகாசம் கேட்பதால் நல்ல ரெஃபரல் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் அதற்குமேல் இழுத்தடித்தால் அவருடைய பெயர்தான் மேனேஜரிடம் கெடும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், "தம்பி, என்னை நினைச்சதுக்கு ரொம்ப நன்றி, மார்ச் வரைக்கும் இங்கே இருக்க வேண்டியிருக்கு, அப்புறம் ஏதாவது வந்தா சொல்லுப்பா" என்று எழுதிவிடுங்கள். உங்கள் டீமில் போன வாரம் வேலையிழந்தவர் யாராவது அந்த இடத்துக்குப் பொருந்துவாரானால், அவரைக் கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் அதே செய்தியில் சேர்த்து அனுப்புங்கள்.